உப்புக்காற்றில் ஓடும் வண்டிக்கு எந்த போல்ட்?

திருவொற்றியூரில் எங்கள் தெருவிலிருந்து எண்ணூர் விரைவுச்சாலையைத் தாண்டினால் கருங்கல் கொட்டிய கரை, அதற்கப்புறம் கடல். காலையில் வண்டி டேங்கை விரலால் தடவினால் பிசுபிசுக்கும். நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்த உப்பு எஞ்சின் கவர் ஸ்க்ரூவின் மரைக்குள்ளேயும் போய் உட்காருகிறது என்பதை, அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு கிளட்ச் பிளேட் மாற்றக் கவரைக் கழற்றிய அன்றுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீரில் நின்ற வண்டி அது. நான்கு ஸ்க்ரூவுக்குத் தலை வழுக்கிப்போனது. ஒன்று முறிந்து, மிச்சம் எஞ்சினிலேயே நின்றுவிட்டது.

பழையதை மறுபடி போட முடியாது. புதிதாக எதைப் போடுவது? தெருமுனை மெக்கானிக் அண்ணன், "எல்லாத்தையும் அலன் போல்ட்டா மாத்திடு தம்பி, தொல்லை விட்டுது" என்றார். தலையில் ஆறுமூலைக் குழி உள்ள போல்ட்டைத்தான் அலன் என்பார்கள். பாரிமுனையில் கடைக்காரர், "எஸ்எஸ் எடுத்துட்டுப் போங்க, ஆயுசுக்கும் துரு பிடிக்காது" என்றார். நண்பன் ஒருவன் நீல நிறத்தில் மின்னும் அலுமினிய செட் ஒன்றைக் கைபேசியில் காட்டினான். அதே வாரம் என் சித்தப்பாவின் ஸ்ப்ளெண்டரிலும் இதே வேலை வந்தது. அவர் காசிமேட்டில் விடிகாலை மீன் எடுத்து, பின்சீட்டில் பெட்டி கட்டி, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று தெருத்தெருவாக விற்பவர். ஒரே ஊர், ஒரே உப்பு. இருந்தும் இரண்டு வண்டிக்கும் ஒரே போல்ட்டைப் போடவில்லை. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். இதே கேள்வியோடு நிற்கும் யாருக்காவது உதவும்.

முதலில் பழைய ஸ்க்ரூ பற்றி. ஆர்எக்ஸ் 100 போன்ற பழைய ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் கவரைப் பிடித்திருப்பது தலையில் கூட்டல் குறி வெட்டிய ஸ்க்ரூ. நாம் 'ஸ்டார்' என்கிறோம். அந்தக் கூட்டல் குறி, கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவருக்கான வெட்டு இல்லை. அது ஜேஐஎஸ் எனப்படும் ஜப்பானியத் தரம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் சாதாரண டிரைவரின் நுனி அதன் அடிவரை முழுதாக உட்காராது. அழுத்தித் திருகினால் மேலே ஏறி, வெட்டின் விளிம்பைச் சிதைத்துக்கொண்டு வழுக்கும். பல ஜேஐஎஸ் ஸ்க்ரூக்களின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும், அதுதான் அடையாளம். ஜேஐஎஸ் நுனி கொண்ட டிரைவரும், பின்னால் சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரும் இருந்தால் அந்த ஸ்க்ரூவிலேயே வண்டியைக் காலமெல்லாம் ஓட்டலாம். முதல் நாளே எனக்கு இது தெரிந்திருந்தால் நான்கில் மூன்றேனும் பிழைத்திருக்கும். ஆகவே பழைய அசல் தோற்றத்தோடு வைத்திருக்க ஆசைப்படுபவர்கள் அதே ஸ்க்ரூவைப் புதிதாக வாங்கிப் போடுவதில் தவறே இல்லை. டிரைவரை மட்டும் சரியாக வாங்குங்கள்.

சரி, மாற்றுவது என்று முடிவெடுத்தால் எதிரில் இருப்பவை இவை: கம்பெனியிலிருந்தே வரும் துத்தநாகப் பூச்சுள்ள, அகன்ற அடி கொண்ட ஃப்ளாஞ்ச் போல்ட், கறுப்பு அலன் போல்ட், துருப்பிடிக்காத எஃகு (எஸ்எஸ்) அலன் போல்ட், கலர் அலுமினியம். டைட்டானியமும் உண்டு, விலை நமக்கு எட்டாது. எஞ்சின் கவர் பிடிக்க அதற்குத் தேவையும் இல்லை.

அளவு அனேகமாக எல்லாவற்றிலும் எம்6, அதாவது 6 மி.மீ. விட்டம், ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 1 மி.மீ. இடைவெளி. இருந்தும் கையில் பழையதை எடுத்துக்கொண்டு போய் ஒப்பிட்டே வாங்குங்கள். புல்லட் தொழிற்சாலை இருந்த ஊர் எங்களுடையது. 1950-களிலிருந்து திருவொற்றியூரில் வார்த்து ஓட்டிய பழைய என்ஃபீல்டுகள் இன்னும் இந்தப் பக்கம் நிறையச் சுற்றுகின்றன. அவற்றில் இஞ்ச் கணக்கு மரையும் கலந்திருக்கும். கால் இஞ்ச் என்பது 6.35 மி.மீ. கண்ணுக்கு எம்6 போலத்தான் தெரியும். மாற்றிப் போட்டு இறுக்கினால் கேஸின் (எஞ்சினின் அலுமினியக் கூட்டின்) மரை போய்விடும்.

வலிமையைப் பற்றிப் பலருக்கும் உள்ள எண்ணம், எண் பெரிதாக இருந்தால் நல்லது என்பது. கடையில் கறுப்பு அலன் போல்ட்டின் தலையில் 12.9 என்று இருக்கும். அது சதுர மில்லிமீட்டருக்கு 1,200 நியூட்டன் வரை தாங்கும் எஃகு. ஒரு எம்6 போல்ட் நிரந்தரமாக நீளாமல் 2 டன்னுக்கு மேல் இழுவையைத் தாங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது போய்க் கடிப்பது அலுமினிய வார்ப்பில் வெட்டிய மரையில். போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, அலுமினிய மரைதான் உரிந்து போல்ட்டோடு சுருளாக வெளியே வரும். 12.9 போல்ட்டுக்கென்று அட்டவணையில் போட்டிருக்கும் 16, 17 நியூட்டன் மீட்டர் டார்க்கை (இறுக்கும் திருகுவிசையை) எஞ்சின் கவரில் கொடுப்பதைவிடக் கெட்ட காரியம் வேறில்லை. கவர் போல்ட்டுக்குத் தேவை 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். வண்டியைப் பொறுத்து 9-லிருந்து 12 வரை இருக்கும், சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, அந்தக் கறுப்பு வெறும் ஆக்ஸைடு படலமும் எண்ணெயும்தான். கோயம்புத்தூரில் அது இரண்டு வருஷம் கறுப்பாகவே இருக்கலாம். எங்கள் தெருவில் ஒரு மழைக்காலம் தாங்காது. ஐப்பசியில் போட்டால் தையில் தலைக்குழி முழுக்கச் செந்துரு. துரு பிடித்த குழியில், அதைத் திருகும் எல் கீ இறங்காது, இறங்கினாலும் வழுக்கும். ஸ்டார் ஸ்க்ரூவில் பட்ட அதே பாடு. கறுப்பு அலனைக் கடலோரத்தில் இருப்பவர்கள் கையிலேயே எடுக்க வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து. சிலர் அதற்கு மேலே துத்தநாக முலாம் போட்டுத் தருகிறேன் என்பார்கள். அவ்வளவு கடினமான எஃகுக்கு மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, இறுக்கிய பிறகு திடீரென்று முறியும் ஆபத்து உண்டு. அதுவும் வேண்டாம்.

கலர் அலுமினியம் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. பார்க்க அழகு. எடை குறையும். எஃகு போல்ட்டுக்கான டார்க்கைக் கொடுத்தால் தலை திருகிக் கையோடு வரும், சாயம் வெயிலில் வெளுக்கும். நண்பனிடமும் இதையே சொன்னேன்.

அப்புறம் மிஞ்சுவது இரண்டு: துத்தநாகப் பூச்சு, துருப்பிடிக்காத எஃகு. உண்மையான ஒப்பீடு இவற்றுக்குள்தான், இங்கேதான் கடல் முக்கியமாகிறது.

இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும்போது உப்புத் தண்ணீர் நடுவில் புகுந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. இரண்டில் ஒன்று கரையும். எது கரையும் என்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. துத்தநாகம் முதலில் கரையும், அடுத்து அலுமினியம், அதற்கப்புறம் சாதா எஃகு. செம்பு இன்னும் கீழே, துருப்பிடிக்காத எஃகு அதற்கும் கீழே, கடைசியில் டைட்டானியம். துத்தநாகப் பூச்சு போட்ட போல்ட்டை அலுமினிய கேஸில் மாட்டினால், கரைய வேண்டிய நேரத்தில் பூச்சு கரையும். கேஸ் தப்பிக்கும். பூச்சு முழுக்கப் போன பிறகு போல்ட் துருப்பிடிக்கும், நாம் மாற்றிவிடலாம். துருப்பிடிக்காத எஃகைப் போட்டால் போல்ட் பளபளவென்றே இருக்கும். கரைவது கேஸ். போல்ட் சின்னது, கவர் பெரியது என்பதால் வெளிப்பரப்பில் பெரிதாகத் தெரியாது. மரைக்குள் தேங்கிய உப்பீரம்தான் பிரச்சினை. அங்கே அலுமினியம் வெள்ளை மாவாக மாறி, மாவு பருத்து, போல்ட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மூன்று வருஷம் கழித்துத் திருகும்போது போல்ட் வராது. வந்தால் மரையையும் கூட்டிக்கொண்டு வரும்.

"ஆயுசுக்கும் துரு பிடிக்காது" என்று கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. போல்ட்டைப் பற்றி மட்டும் சொன்னார், எஞ்சினைப் பற்றிச் சொல்லவில்லை.

அப்படியென்றால் எஸ்எஸ் கூடாதா? இதற்கு விடை எனக்குக் காசிமேட்டில்தான் கிடைத்தது. ஃபைபர் படகுகளின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினைப் பாருங்கள். உடம்பு முழுக்க அலுமினியம், போல்ட் முழுக்கத் துருப்பிடிக்காத எஃகு, நாள் முழுக்க உப்புத் தண்ணீர். நம் பிரச்சினை அங்கே நூறு மடங்கு. அவற்றைப் பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் கேட்டேன். "கிரீஸ் தடவாத போல்ட்ட நாங்க உள்ள வுடவே மாட்டோம். தடவுனா அடுத்த வாட்டி வரும். தடவலன்னா வெல்டிங் வெச்ச மாதிரி" என்றார். மரை முழுக்க வாட்டர்ப்ரூஃப் கிரீஸ் இருந்தால் உப்பீரத்துக்கு உள்ளே இடமே கிடையாது, பேட்டரி ஓடாது. போல்ட் இறுகிப் பிடித்துக்கொள்ளாமலிருக்க ஆன்ட்டி சீஸ் என்று தனியாகவே பசை கிடைக்கிறது. அதில் செம்புப் பொடி கலந்ததை நான் தவிர்க்கிறேன், காரணம் மேலே சொன்ன வரிசையிலேயே இருக்கிறது.

ஆக, கேள்வி ஆளைப் பற்றியது. வருஷத்துக்கு ஒரு முறையாவது போல்ட்டைக் கழற்றித் துடைத்து கிரீஸ் தடவுகிறவருக்கு எஸ்எஸ் நல்லது. மாட்டிவிட்டு மறந்துவிடுகிறவருக்குத் துத்தநாகம். கரைவது பத்து ரூபாய் போல்ட்டாக இருந்துவிட்டுப் போகட்டும்.

சித்தப்பா வண்டிக்கு இதனால்தான் கம்பெனி ஃப்ளாஞ்ச் போல்ட். பெட்டியில் உருகும் ஐஸ் தண்ணீர் மீனோடும் உப்போடும் சொட்டி, சில நாள் எஞ்சின் கவர் மேலேயே வடியும். விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி மதியம் திரும்புபவரை போல்ட்டுக்கு கிரீஸ் தடவு என்று சொல்வது நியாயமில்லை. ஸ்ப்ளெண்டரில் இயல்பாகவே இருப்பது 8 மி.மீ. தலை கொண்ட ஃப்ளாஞ்ச் போல்ட்தான். பாக்ஸ் ஸ்பானரோ டி ஸ்பானரோ வெளிப்பக்கமாகப் பிடிக்கும், வழுக்குவதற்குக் குழியே கிடையாது. வாஷர் போல அகன்ற அடி அதிலேயே இருப்பதால் அலுமினியத்தில் பதியாது. ஸ்பேர்ஸ் கடையில் கேட்டால் சரியான நீளத்தில் கிடைக்கும். இதைவிட நல்லதை அந்த வண்டிக்கு நான் பார்க்கவில்லை. முதல் முறை மாட்டும்போது மட்டும் நானே கிரீஸ் தடவிவிட்டேன்.

ஆர்எக்ஸ் 100-க்கும் ஃப்ளாஞ்ச் போல்ட்டே போட்டிருப்பேன். சில துளைகள் கவரின் சுவரை ஒட்டி இருந்ததால் சாக்கெட் இறங்கவில்லை. அலன் தலை 10 மி.மீ. வட்டம், கீ நேராக மேலிருந்து இறங்கும், இடம் போதும். 12.9-ஐவிட வலு குறைந்த, துத்தநாகம் பூசிய 8.8 அலன் கிடைத்தால் அதையும் யோசித்திருக்கலாம். லிங்கிச் செட்டி தெரு, செம்புதாஸ் தெரு என்று நான் ஏறி இறங்கிய கடைகளில் அலன் என்றால் கறுப்பு 12.9, இல்லாவிட்டால் எஸ்எஸ். வண்டி வீட்டுக்குள் நிற்கிறது, வருஷா வருஷம் நான்தான் திறக்கிறேன். ஆகவே எஸ்எஸ்.

வாங்கும்போது தலையில் ஏ2-70 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றும் பொறிக்காத எஸ்எஸ் பாதிக்குப் பாதி வலுக் குறைந்ததாக இருக்கலாம்: ஏ2-50 என்றால் எம்6 போல்ட் 430 கிலோ இழுவைக்கே நீள ஆரம்பிக்கும், ஏ2-70 சுமார் 900 கிலோ தாங்கும். ஏ4 கிடைத்தால் இன்னும் நல்லது, மாலிப்டினம் சேர்ந்தது, உப்புக்கு அதிகம் தாக்குப்பிடிக்கும். தலை உருண்டையாகத் தட்டையாக இருக்கும் பட்டன் அலன் வேண்டாம். எம்6-இல் நேர்த்தலை அலனுக்கு 5 மி.மீ. கீ, பட்டனுக்கு 4 மி.மீ. தான், குழியும் ஆழமில்லை, சீக்கிரம் வழுக்கும்.

இங்கே ஒரு கணக்கு. கிரீஸ் தடவியதால் உராய்வு குறைகிறது, அதே டார்க்கில் போல்ட் அதிகமாக இழுபடும். உலர்ந்த மரையில் 10 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் எம்6 போல்ட்டில் ஏறத்தாழ 850 கிலோ இழுவை வரும். கிரீஸ் போட்டு அதே 10 கொடுத்தால் 1,100 கிலோவைத் தாண்டும், ஏ2-70-இன் 900-ஐயும் தாண்டும். போல்ட் நீண்டுவிடும், அல்லது மரை போகும். அதனால் கிரீஸ் போட்டால் கால் பங்கைக் குறைத்து 7.5 கொடுக்கிறேன். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: 10 செ.மீ. நீளக் கைப்பிடியின் நுனியில் ஏழரைக் கிலோ எடை தொங்கினால் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு. வீட்டுத் தராசை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துக் கை பழக்கிக்கொள்ளலாம். எல் கீயின் நீளப் பக்கத்தைக் குழியில் வைத்து, குட்டைப் பக்கத்தைக் கையால் திருகினால் பலம் அதிகம் போகாது, தப்பு நடக்க வாய்ப்பும் குறைவு.

நீளத்தில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு கவரில் எல்லா போல்ட்டும் ஒரே நீளம் இருக்காது. கழற்றும்போதே ஒரு செருப்புப் பெட்டி அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டு அந்தந்த ஸ்க்ரூவைக் குத்தி வையுங்கள். நீளத்தைத் தலைக்கு அடியிலிருந்து அளக்க வேண்டும். கடையில் அலன் 20, 25, 30, 35 என்று ஐந்தைந்தாகத்தான் வரும். இடைப்பட்ட நீளம் என்றால் அருகில் உள்ளதை எடுத்துச் சோதிக்க வேண்டும். அதிகம் நீளமாக இருந்தால் குழியின் அடியில் போய் முட்டும். இறுக்கம் வந்ததுபோலத் தெரியும், ஆனால் கவர் பிடிபட்டிருக்காது. இன்னும் திருகினால் வார்ப்பு வெடிக்கும். குட்டையாக இருந்தால் நான்கைந்து மரையில் தொங்கிக்கொண்டு உரிந்துவிடும். காது குடையும் பட்ஸ் குச்சியை வெட்டித் துளையில் விட்டு ஆழம் பாருங்கள். போல்ட் நுனிக்குக் கீழே 2 மி.மீ. காலியாக இருக்க வேண்டும், மரை குறைந்தது 9 மி.மீ., முடிந்தால் 12 மி.மீ. பிடித்திருக்க வேண்டும். எம்6 வாஷர் 1.6 மி.மீ. கனம் என்பதையும் கணக்கில் சேருங்கள். சின்ன அலன் தலை அலுமினியத்தில் பதியாமலிருக்க வாஷர் அவசியம், எஸ்எஸ் வாஷராகவே. ஏதாவது ஒரு துளையில் செம்பு வாஷர் இருந்தால் அது ஆயில் கசியாமலிருக்கப் போட்டது. அதே இடத்தில் புதிய செம்பு வாஷரையே போடுங்கள்.

முறிந்த ஸ்க்ரூ என்ன ஆனது? கவரை எடுத்ததும் ஒரு இஞ்ச் நீளம் வெளியே நின்றது, அது பாக்கியம். இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, மறுநாள் பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தள்ளி வைத்துவிட்டு, சூடான காற்று ஊதும் கன்னால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சுட வைத்தேன். அலுமினியம் எஃகைவிட இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். வைஸ் கிரிப்பில் பிடித்து முன்னும் பின்னும் ஆட்ட, முனகிக்கொண்டே வந்தது. உள்ளேயே முறிந்திருந்தால் லேத் பட்டறைக்குத்தான் போயிருக்க வேண்டும். முறிந்த ஸ்க்ரூவைத் துளைத்து எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் உள்ளே முறிந்தால் அதைத் துளைக்கச் சாதாரண டிரில் பிட் போதாது.

வேறொரு துளையில் மரை பாதி போயிருந்தது. பெரிய போல்ட்டுக்கு டேப் (மரை வெட்டும் கருவி) போட்டுவிடலாம் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். சுற்றியிருக்கும் சுவர் மெல்லியது, எம்8 என்றால் வெடிக்கும். ஹெலிகாயில் போடச் சொன்னேன்: துளையைச் சற்றுப் பெரிதாக்கி, அதற்கென்று உள்ள டேப்பால் மரை வெட்டி, எஃகுச் சுருள் ஒன்றை உள்ளே திருகிவிடுவார்கள். உள்ளே பழைய எம்6 அளவே கிடைக்கும். வார்ப்பு மரையைவிட உறுதி.

மாட்டும் முறை சுருக்கமாக. துளைகளை எம்6 டேப்பைக் கையால் மெதுவாக விட்டுச் சுத்தம் செய்து, காற்றடித்து, ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது இரும்பைப் பயன்படுத்தினால் கவர் உட்காரும் பரப்பில் கோடு விழும், அங்கே ஆயில் கசியும். பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். வெற்றுக்குழாய் போன்ற இரண்டு டவல் பின்கள் இடத்தில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே கவர். எல்லா போல்ட்டையும் முதலில் கை விரலால் நான்கைந்து சுற்று. விரலுக்கு வராத போல்ட்டைக் கீயால் கட்டாயப்படுத்த வேண்டாம். பிறகு எதிரெதிராக, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கம். கடைசியாக, அலன் தலைக்குழியில் ஒரு பொட்டு கிரீஸ். மழைத் தண்ணீரும் மண்ணும் அங்கே தங்காது.

அடுத்த வருஷம் கார்த்திகையில் திறந்தேன். ஆர்எக்ஸ் 100-இன் அலன்கள் ஒவ்வொன்றும் சின்னச் சத்தத்தோடு விட்டுக்கொடுத்தன. மரையில் கிரீஸ் கறுத்திருந்தது, வெள்ளை மாவு இல்லை. சித்தப்பா வண்டியில் இரண்டு போல்ட்டின் தலை செம்பழுப்பாகியிருந்தது, ஸ்பானர் வைத்ததும் வந்துவிட்டன. அந்த இரண்டை மட்டும் மாற்றினேன். மற்ற போல்ட்டுகள் இன்னும் ஆறு மாதம் தாங்கும்.